ஆவுடையப்பன் மிச்சம் வைத்த பாதி

தென்காசிக்குக் கிழக்கே, சிற்றாற்றுக் கரையில், சின்னதாக ஒரு மடம் இருந்தது. அந்த மடத்துச் சாமிக்குத் தீட்சைப் பெயர் என்னவோ உண்டு. அதைச் சொல்லி வழி கேட்டால் முழிப்பார்கள். கண்டக்டர் சாமி என்றால்தான் கையை நீட்டிக் காட்டுவார்கள். காவி கட்டுவதற்கு முன்னால் பதினோரு வருஷம் மினி பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர் அவர். வயசு இன்னும் நாற்பது ஆகவில்லை.

அவருடைய சீடர்களில் மூத்தவர் ஆவுடையப்பன். மூத்தவர் என்றால் வயசில்தான். அறுபத்தொன்று நடந்துகொண்டிருந்தது. மடத்துக்கு வர ஆரம்பித்து மூன்று மாசம்தான் ஆகியிருந்தது.

ஆவுடையப்பன் சர்வேயராக இருந்து ரிட்டயர் ஆனவர். முப்பத்து நாலு வருஷம் ஊர் ஊராகச் சங்கிலியை இழுத்து நிலம் அளந்தவர். அளக்காத எதையும் நம்பமாட்டார். தன் வீட்டு வாசல்நிலை ஒரு விரல்கடை சாய்ந்திருப்பதைக் கண்டுபிடித்து, கட்டிய கொத்தனாரோடு எட்டு வருஷமாகப் பேச்சு வார்த்தை கிடையாது. அப்படி ஒரு மனுஷன்.

போன சித்திரையில் அவர் கடைத்தெருவில் மயங்கி விழுந்தார். சர்க்கரை தலைக்கு மேல் ஏறிக் கிடந்தது. ஒன்பது நாள் ஆஸ்பத்திரி. அந்த ஒன்பது நாளும் வராந்தாவில் துண்டை விரித்துக் கிடந்தாள் அவர் மனைவி உலகம்மை. முருகனிடம் அவள் வைத்த வேண்டுதல் சின்னதுதான்: இவுக எழுந்து நடந்தால் போதும், தைப்பூசத்துக்கு நாங்க ரெண்டு பேரும் சேர்ந்து திருச்செந்தூருக்கு நடந்தே வர்றோம்.

எழுந்து நடந்துவிட்டார். அதனால் ஐப்பசி மாசம் ஒரு நாள் இரண்டு பேரும் மடத்துக்கு வந்து நின்றார்கள். வருஷா வருஷம் பச்சை வேட்டி கட்டி நடக்கிற கூட்டம் அங்கிருந்துதான் கிளம்பும்.

"வாங்க அண்ணாச்சி, வாங்கம்மா. நடக்க வர்றவங்க சர்க்கரை பாத்துட்டு வரணும்" என்றார் சாமி.

"அது எதுக்கு சாமி? முருகன் பாத்துக்கிடுவான்லா?"

"போன வருஷம் ஒருத்தர் அப்படித்தான் சொன்னாரு. ஆழ்வார்திருநகரி தாண்டயில கால்ல கொப்புளம். மாசியில கட்டைவிரலை எடுத்துட்டாங்க. எட்டுக்கு மேல இருந்தா நான் கூட்டிட்டுப் போறதில்லை."

மூன்று மாசத்து சர்க்கரையைச் சேர்த்துச் சொல்லும் பரிசோதனை அது. மறுநாள் எடுத்துக்கொண்டு வந்து காட்டினார்கள். ஆவுடையப்பனுக்கு ஒன்பதரை. உலகம்மைக்கு ஆறு.

"உங்களுக்குக் கவலை இல்லைம்மா. அண்ணாச்சிதான் இறக்கணும். தைக்கு மூணு மாசம் கிடக்கு. மாத்திரையை விடாதீங்க, கவனமாச் சாப்பிடுங்க. கிளம்புறதுக்கு முன்னாடி ரெண்டு பேரும் மறுபடி ரத்தம் குடுத்துட்டு வாங்க."

"எனக்கு எதுக்கு?" என்றாள் உலகம்மை.

"ரெண்டு பேரும்னா ரெண்டு பேரும்."

மத்தியானம் பந்தி போட்டார்கள். அந்த மடத்துப் பந்திக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. கடைசி ஆள் இலையை மூடுகிறவரைக்கும் எவரும் எழக்கூடாது. கடைசி ஆள் இறங்காமல் பஸ்ஸை எடுத்துவிட்ட பாவம் ஏதோ சாமியின் மனசில் கிடக்கிறது என்று ஊரில் சொல்வார்கள். நிஜமோ பொய்யோ தெரியாது.

ஆவுடையப்பன் சாமிக்குப் பக்கத்து இலையில் இடம் பிடித்தார். இரண்டு வாய் உள்ளே போனதும் கேட்டார்.

"கவனமாச் சாப்பிடுறதுன்னா எப்படி சாமி?"

சாமி பதில் சொல்லவில்லை. கண்ணை மூடினார். தலையை இடது பக்கமாகச் சாய்த்தார். வாயிலிருந்த சோற்றை அந்தப் பக்கமே ஒதுக்கி மெல்ல மென்றார். ஆவுடையப்பன் விடுவாரா? எண்ணினார். முப்பத்திரண்டு.

அடுத்த வாய்க்கும் அப்படியே. கண் மூடல், தலைச் சாய்ப்பு, முப்பத்திரண்டு. மொத்தப் பந்தியும் காத்திருந்தது. இலையில் பாதிச் சோறு இருக்கும்போதே சாமி நீளமாக ஒரு மூச்சு விட்டு இலையை மூடிவிட்டார். முகத்தில் இந்த உலகத்துச் சுகம் எதுவும் வேண்டாம் என்கிற ஒரு பாவனை.

ஆவுடையப்பனுக்குக் கை மயிரெல்லாம் நட்டுக்கொண்டது. கேட்ட கேள்விக்கு வாயைத் திறக்காமல் செய்தே காட்டிவிட்டாரே மனுஷன்! ஊருக்குப் போகிற பஸ்ஸில் உலகம்மையிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்தார்.

"பாத்தியா உலகு? கண்ணை மூடணும். இடது பக்கமா மெல்லணும். முப்பத்திரண்டு தடவை. பாதியில நிறுத்திரணும். நாலே விஷயம்!"

"ரசத்தையுமா முப்பத்திரண்டு தடவை?" என்று கேட்டாள் அவள்.

ரசத்தையும்தான். மறுநாள் காலையிலிருந்தே ஆரம்பித்துவிட்டார்.

அவர் வீட்டில் இட்லி என்றால் ஆறு. பாதி என்றால் மூன்று. அதிலே குழப்பம் இல்லை. தோசை மூன்று என்கிற நாள் ஒன்றரை வரும். அதை உத்தேசமாகப் பிய்க்க அவருக்கு மனசு வரவில்லை. பழைய இரும்பு ஸ்கேல் ஒன்று இருந்தது. அதைச் சுடுதண்ணீரில் கழுவி, தட்டுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். தோசைக்கு நடுவே கோடு கிழிப்பார். வடையில் ஓட்டை இருப்பதால் சென்டர் பிடிப்பது லேசு என்று சந்தோஷப்பட்டார். அல்வாத்தான் ஸ்கேலோடு ஒட்டிக்கொண்டு பாடாய்ப் படுத்தியது.

உலகம்மைக்கு ஒன்று விளங்கவில்லை.

"ஏங்க, பாதிதான் திங்கப் போறீங்கன்னா நான் பாதியா வெச்சா என்ன? அல்வா எதுக்கு வாங்குதீங்க? வடை எதுக்கு?"

"நீ அன்னிக்குப் பாத்தேல்லா? சாமி முழு இலையில இருந்து பாதியை விட்டாரு. அரை இலையா போடச் சொன்னாரா? இல்ல. முழுசா முன்னால இருக்கணும், நம்ம பாதியை விடணும். விடுறதுலதான் இருக்கு விஷயமே. பிடிச்சதை விட்டாத்தான் விட்ட மாதிரி. பாகற்காயை எவன் வேணும்னாலும் விடுவான்."

அதற்கு அவள் என்ன சொல்வாள்? ஆறு இட்லி வைத்தாள். பொங்கல் என்றால் பழைய அளவுப் பொங்கல், மேலே நெய். ஞாயிற்றுக்கிழமை பரோட்டா நாலு.

இன்னொரு பழக்கமும் சேர்ந்துகொண்டது. சாப்பிடுவதற்கு முன்னால் தட்டை ஒரு போட்டோ. சாப்பிட்ட பிறகு மிச்சப் பாதியை ஒரு போட்டோ. நிலம் அளந்தால் முந்தின நிலை, பிந்தின நிலை இரண்டும் ஃபைலில் இருக்கவேண்டாமா? அதே புத்திதான்.

போட்டோ எடுத்த பிறகும் உடனே எழமாட்டார். கண்ணை மூடி ஐந்து நிமிஷம் நிறைவாக உட்கார்ந்திருப்பார். போட்டோ எடுக்கும்போதே தட்டின் விளிம்பைப் பிடித்துக் காத்திருக்கும் உலகம்மை அப்போது தட்டை எடுப்பாள்.

"வைங்க, நான் பாத்துக்கிடுதேன்."

மூன்று வேளையும் அந்த வார்த்தை அவர் காதில் விழும். அடுக்களைக்குள் பாத்திரச் சத்தம் கேட்கும். தேய்க்கிறாள் என்று நினைத்துக்கொள்வார்.

மாசம் ஒன்று ஆயிற்று, இரண்டு ஆயிற்று. ஆவுடையப்பனுக்கு இடுப்பு பெல்ட்டில் புதுசாக இரண்டு ஓட்டை போடவேண்டி வந்தது. தெருவில் பார்க்கிறவர்கள் எல்லாம், "என்ன அண்ணாச்சி, மாப்பிள்ளை மாதிரி ஆயிட்டீரு?" என்றார்கள். அவருக்குப் பெருமை பிடிபடவில்லை. கேட்டவர், கேட்காதவர் எல்லாரையும் நிறுத்தி முப்பத்திரண்டைப் பற்றிச் சொன்னார்.

உலகம்மைக்குத்தான் உடம்பு ஒரு மாதிரியாக இருந்தது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. எந்நேரமும் செம்பும் கையுமாகத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள்.

"மார்கழிப் பனியில என்னத்துக்கு இந்தத் தாகம்?" என்று கேட்டார் ஆவுடையப்பன். பதிலுக்குக் காத்திராமல், "நீயும் என்னைய மாதிரி கவனமாச் சாப்பிட்டுப் பழகு" என்று புத்தியும் சொன்னார்.

"நீங்க கவனமா இருக்கீங்கள்லா, அது போதும்" என்றாள் அவள்.

தை பிறந்தது. கூட்டம் கிளம்ப மூன்று நாள் இருக்கையில் இரண்டு பேரும் ரத்தம் கொடுத்தார்கள். பரிசோதனைக் கூடத்தில் தந்த இரண்டு கவரையும் ஆவுடையப்பன் பிரிக்கவே இல்லை. சாமி கையால், சபை நடுவே பிரிக்கவேண்டும் என்று அவருக்கு ஆசை. பிரித்துப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, எல்லாருக்கும் நாலு வார்த்தை சொல்லுங்க" என்று சாமி கேட்பார். கேட்டால் தடுமாறக்கூடாது அல்லவா? ஒரு தாளில் குறிப்பு எழுதிச் சட்டைப் பையில் வைத்திருந்தார். 'பாதியின் மகிமை' என்று தலைப்பு.

மடத்துக்குள் நுழைந்ததுமே உலகம்மை அடுக்களைக்குக் கை கொடுக்கப் போய்விட்டாள். ஆவுடையப்பன் முதல் பந்தியில், சாமிக்கு எதிர் இலையில் உட்கார்ந்தார். முப்பது பேர் பந்தி. சோறு, சாம்பார், அவியல், பருப்பு வடை, பாயசம்.

கால் மணி நேரத்தில் இருபத்தொன்பது பேர் சாப்பிட்டு முடித்தார்கள்.

ஆவுடையப்பன் சாம்பாரில்தான் இருந்தார். கண் மூடியிருந்தது. தலை இடது பக்கம் சாய்ந்திருந்தது. தாடை நிதானமாகப் போய்வந்தது.

அரை மணி ஆயிற்று. எல்லார் கையும் காய்ந்துவிட்டது. ஒருத்தர் காய்ந்த பருக்கையை விரலிலிருந்து ஒவ்வொன்றாக உரித்துக்கொண்டிருந்தார். இன்னொருத்தர் உட்கார்ந்தபடியே தூங்கி, பக்கத்து ஆள் தோளில் சாய்ந்தார். இரண்டாம் பந்திக்காரர்கள் பசியோடு ஜன்னலில் எட்டிப் பார்த்தார்கள்.

"உள்ளே என்ன, பூஜையா நடக்கு?" என்று கேட்டது ஒரு குரல்.

"இல்ல, ஒருத்தர் மெல்லுதாரு" என்றது இன்னொரு குரல்.

சாமியும் காய்ந்த கையோடு உட்கார்ந்து, எதிர் இலையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு தடவை அவருடைய கை தானாகக் கன்னத்துக்குப் போய்த் திரும்பியது.

ஐம்பதாவது நிமிஷம் ஆவுடையப்பன் கண்ணைத் திறந்தார். இலையில் சரிபாதி இருந்தது. வடையில் பாதி, அவியலில் பாதி. போட்டோ எடுத்தார். மறுபடி கண்ணை மூடி நிறைவானார்.

அடுக்களையிலிருந்து உலகம்மை ஓட்டமாக வந்தாள். "வைங்க, நான் பாத்துக்கிடுதேன்" என்று இலையைத் தூக்கிவிட்டாள்.

மடத்தில் சமையல் பார்க்கிற மாடத்தி அவளை மறித்தாள். "எம்மா மதினி, எச்சி இலையை எங்க அடுக்களைக்குள்ள கொண்டு போறீக? தொட்டி வெளியில கிடக்கு."

உலகம்மை நின்றுவிட்டாள். இலையைப் பார்த்தாள், மாடத்தியைப் பார்த்தாள். "பழக்கத்துல..." என்றாள். முகம் சிவந்துபோயிற்று. இலையை மாடத்தி கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

ஆவுடையப்பன் நிறைவாக இருந்ததால் இது எதையும் பார்க்கவில்லை. சாமி பார்த்தார்.

கை கழுவி வந்ததும் ஆவுடையப்பன் இரண்டு கவரையும் தாம்பாளத்தில் வைத்து நீட்டினார். வெற்றிலை பாக்கு வேறு வைத்திருந்தார். சுற்றிலும் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். உலகம்மையும் வந்து தூண் ஓரமாக நின்றாள்.

சாமி முதல் கவரைப் பிரித்தார்.

"அண்ணாச்சி, ஏழு. ஒன்பதரையில இருந்து ஏழு. நடக்கலாம்."

ஆவுடையப்பன் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். குறிப்பு இருந்தது.

சாமி அடுத்த கவரைப் பிரித்தார். மேலே இருந்த பேரை மறுபடி பார்த்தார்.

"அம்மாவுக்கு எட்டே முக்கால்."

"மாத்திப் படிக்கீங்க சாமி. அது என்னோட பழசா இருக்கும்" என்றார் ஆவுடையப்பன்.

"பேரு உலகம்மைன்னு போட்டிருக்கு."

"இருக்காது. அவளுக்கு ஆறுல்லா! சர்க்கரை எனக்குத்தானே!"

ஆவுடையப்பன் தாளை வாங்கிப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். எட்டே முக்கால் அங்கேயேதான் இருந்தது. அப்புறம் உலகம்மையின் காலைப் பார்த்தார். பித்தவெடிப்பு ஓடிய குதிகால். கட்டைவிரலில் தேய்ந்த மருதாணி. போன வருஷம் கட்டைவிரலை இழந்த ஆள் ஞாபகத்துக்கு வந்தார்.

"நாங்க தப்பே பண்ணலியே சாமி" என்றார். குரல் உயர்ந்தது. "நீங்க காட்டின வழியில இருந்து நான் ஒரு அங்குலம் பிசகலியே!"

"நான் என்ன வழி காட்டினேன்?"

"ஐப்பசியில! இதே பந்தியில! கவனமாச் சாப்பிடுறது எப்படின்னு கேட்டேன். நீங்க வாயால பதில் சொல்லாம, கண்ணை மூடி, தலையை இப்படிச் சாய்ச்சு, இடது பக்கமா முப்பத்திரண்டு தடவை மென்னு, பாதியில இலையை மூடினீங்களே! அதை அப்படியே பிடிச்சு வந்தேன். மூணு மாசம்!"

சாமி யோசித்தார். மேலே பார்த்தார். மாடத்திதான் முதலில் வாயைப் பொத்தினாள்.

"சாமி, அது அந்தப் பல்லு பிடுங்கின வாரம்லா!"

"அண்ணாச்சி" என்றார் சாமி, ரொம்பப் பணிவாக. "அன்னிக்கு எனக்குப் பல் வலி."

வலது கன்னத்தைத் தொட்டுக் காட்டினார்.

"வலது கடைவாய்ப் பல்லு. சொத்தை. அந்தப் பக்கம் பருக்கை பட்டா உயிர் போகும். அதான் இடது பக்கமா மென்னேன். நீங்க கேட்டது காதுல விழுந்துச்சு. வாயைத் திறக்க முடியலை. பாதிக்கு மேல பொறுக்கலை, மூடிட்டேன். மறுநாள் போய்ப் பிடுங்கிட்டு வந்தேன்."

வாயைத் திறந்து, விரலால் உதட்டை விலக்கி, பல் இருந்த இடத்தைக் காட்டினார். ஆவுடையப்பனும் குனிந்து பார்த்தார். சர்வேயர் அல்லவா, இடம் காலியாகத்தான் இருந்தது.

ஜன்னலோரம் நின்றவர்கள் சிரித்தார்கள். ஐம்பது நிமிஷம் பசியோடு நின்ற சிரிப்பு, லேசில் அடங்கவில்லை. ஆவுடையப்பனுக்குக் காதெல்லாம் சுட்டது. அந்த வெட்கத்திலும் அவர் விடவில்லை.

"பல் வலியோ என்னவோ, எனக்கு இறங்கிச்சா இல்லியா? ஏழு வந்துச்சா இல்லியா? அப்ப முறை சரிதானே. இவளுக்கு ஏன் ஏறிச்சு? நான் எல்லாத்தையும் போட்டோ எடுத்து வெச்சிருக்கேன். ஒரு வேளை விடலை. நீங்களே பாருங்க, எங்க பிசகிச்சுன்னு சொல்லுங்க."

போனை எடுத்து நீட்டினார். சாமி வாங்கிக்கொண்டார்.

சாமி அந்தக் காலத்தில் பஸ்ஸுக்குள் ஒரு பார்வை விட்டால் போதும், எவன் டிக்கெட் எடுக்கவில்லை என்று சொல்லிவிடுவார். படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போனார். ஆறு இட்லி, மூன்று இட்லி. மூன்று தோசை, ஒன்றரை தோசை. நாலு பரோட்டா, இரண்டு பரோட்டா. ஓரிடத்தில் நிறுத்தினார்.

"இந்தக் கை யாரோடது?"

"எந்தக் கை?"

"தட்டு ஓரத்துல. பச்சைக் கண்ணாடி வளையல், ரெண்டு."

ஆவுடையப்பன் எட்டிப் பார்த்தார். அரைத்துண்டு அல்வா, அதற்குப் பக்கத்தில் தட்டின் விளிம்பைப் பிடித்தபடி நாலு விரல்.

"உலகம்மை கை. தட்டை எடுக்க வந்திருப்பா."

சாமி இன்னொரு படத்துக்குத் தள்ளினார். பாதிப் பொங்கல், அதே விரல்கள். இன்னொன்று. பாதி வடை, அதே விரல்கள். இன்னொன்று, இன்னொன்று. சாப்பிடுவதற்கு முந்தின படம் ஒன்றிலும் அந்தக் கை இல்லை. வீட்டில் எடுத்த பிந்தின படம் ஒன்றுகூட அந்தக் கை இல்லாமல் இல்லை.

"தட்டை எங்க கொண்டு போறாங்க?"

"அடுக்களைக்கு."

"அப்புறம்?"

"கழுவுவா."

"அந்தப் பாதி?"

ஆவுடையப்பன் கழுத்தைத் திருப்பித் தூண் பக்கம் பார்த்தார்.

உலகம்மை முந்தானையைத் திருகிக்கொண்டு நின்றாள். பிறகு படபடவென்று கொட்டினாள்.

"பின்ன என்ன செய்ய? நல்ல சோத்தைத் தொட்டியில கொட்டவா? நெய் விட்டுக் கிண்டின பொங்கலு. காசு குடுத்து வாங்கின அல்வா. எனக்குக் கை வருமா? முதல்ல தெருவுல நாய்க்கு வெச்சுப் பாத்தேன். அது இட்லியைத் திங்க மாட்டேங்கு. என் சாப்பாட்டை நான் சாப்பிட்டு முடிச்ச பிறகு, இவுக பாதியையும் போட்டுக்கிடுவேன். வயிறு கொள்ளாது. என்ன, ஒரு மூணு மாசம்தானேன்னு நினைச்சேன். இவுகளுக்கு இறங்கணும், நாங்க நடக்கணும். அவ்வளவுதான் என் நினைப்பு."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா?" என்றார் ஆவுடையப்பன்.

"எப்பச் சொல்ல? நீங்க கண்ணைத் திறந்தாத்தானே?"

இந்தத் தடவை ஜன்னலோரம் யாரும் சிரிக்கவில்லை.

"அம்மா இந்தத் தடவை நடக்க முடியாது. அண்ணாச்சி தாராளமா வரலாம். ஏழுதான்" என்றார் சாமி.

"நீங்க போயிட்டு வாங்க" என்றாள் உலகம்மை. கண்ணில் தண்ணீர் முட்டியது. துடைத்துக்கொண்டு சொன்னாள். "பச்சை வேட்டி எடுத்தாச்சுல்லா."

"உன்னைய விட்டுட்டு நான் எங்க போக?" என்று கத்தினார் ஆவுடையப்பன். கோபமெல்லாம் தன்மேல்தான். "வேண்டிக்கிட்டது ரெண்டு பேருக்குல்லா!"

"அப்ப வைகாசி விசாகத்துக்கு நடங்க" என்றார் சாமி. "நாலு மாசம் கிடக்கு. திருச்செந்தூர் அங்கேயேதான் இருக்கும். நாளைக்குக் காலையில அம்மாவை டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போங்க. முதல்ல இப்போ ஒரு வேலை. ரெண்டாம் பந்தி உங்களாலதான் லேட்டு. வாளியை எடுங்க."

சோற்று வாளியையும் கரண்டியையும் அவர் கையில் கொடுத்தாள் மாடத்தி. இரண்டாம் பந்தி உட்கார்ந்தது. மாடத்தி வற்புறுத்தியதில் உலகம்மையும் உட்கார்ந்தாள், வரிசையில் ஒன்பதாவது இலை. முதல் எட்டு இலைக்கும் ஆவுடையப்பன் தடதடவென்று போட்டுக்கொண்டே வந்தார். ஒன்பதாவது இலைக்கு வந்ததும் கரண்டி நின்றுவிட்டது.

எவ்வளவு வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

கல்யாணமாகி முப்பத்து மூன்று வருஷம். தன் தோசையைப் பாதி பிடிக்கத் தெரிந்த மனுஷனுக்கு, அவள் ஒரு வேளைக்கு எத்தனை கரண்டி சாப்பிடுவாள் என்று தெரியவில்லை. குனிந்து, ரகசியம்போலக் கேட்டார்.

"எவ்வளவு வைக்கட்டும், உலகு?"

உலகம்மை நிமிர்ந்து பார்த்தாள். "எங்கிட்டயா கேக்கீங்க?"

"உங்கிட்டத்தான்."

"வைங்க, சொல்லுதேன்."

ஒரு கரண்டி வைத்தார். அவள் முகத்தைப் பார்த்தார். இன்னும் அரைக் கரண்டி வைத்தார். இலைக்கு மேலே அவள் கை வந்தது. கவிழ்ந்த உள்ளங்கை, பச்சைக் கண்ணாடி வளையல் இரண்டு. போதும் என்றது.

ஆவுடையப்பன் கரண்டியைத் தூக்கிக்கொண்டு அப்படியே நின்றார். அந்தக் கையையே பார்த்தார். கண்ணீர் கண்ணை மறைத்தது. வேட்டியில் துடைக்கலாம் என்றால் இரண்டு கையிலும் சாமான்.

"ஏங்க, நகருங்க. பந்தி காத்துக் கிடக்கு" என்றாள் உலகம்மை.

நகர்ந்தார். கடைசி இலை வரைக்கும் போட்டார். யாருக்கு எவ்வளவு என்று கேட்டுக் கேட்டுப் போட்டார். வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, வாசலில் நின்ற சாமியிடம் வந்தார். சட்டைப் பையிலிருந்த குறிப்பு வேர்வையில் ஊறிப் போயிருந்தது.

"சாமி, இப்போ பல் வலி இல்லியே?"

"இல்லை."

"அப்ப வாயைத் திறந்தே சொல்லுங்க. கவனமாச் சாப்பிடுறதுன்னா எப்படி?"

"அம்மாவோட கை, போதும்னு காட்டுச்சே, பாத்தீங்களா?"

"பாத்தேன் சாமி."

"இதுக்கு முந்தி எப்போ பாத்தீங்க?"

ஆவுடையப்பன் பதில் சொல்லவில்லை. அவருக்குப் பல் வலி எதுவும் இல்லை.